கல்லுக்குள் தேரை: மாமல்லை விலங்குகளும் மணிக்கல் விலங்குகளும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் அடிப்பகுதியில் ஒரு கலைமான் பின்னங்கால் குளம்பால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. மேலே வானவர் பறக்கிறார்கள், தவசி ஒற்றைக்காலில் நிற்கிறார், சிவன் வரம் தருகிறார். மானுக்கு மூக்கு அரிக்கிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளங்கையில் அடங்கும் நாய் ஒன்று இருக்கிறது. ஏழாம் எட்வர்ட் மன்னர் வளர்த்த சீசர் என்ற டெரியர் அது. உடல் வெளிறிய சால்சிடனிக் கல், கண் மாணிக்கம், கழுத்துப்பட்டை பொன். தான் மன்னருக்குச் சொந்தம் என்று பட்டையில் எழுதியிருக்கிறது. 1910இல் மன்னரின் இறுதி ஊர்வலத்தில் வேற்று நாட்டு முடிமன்னர்களுக்கு முன்னே நடந்துபோனது இதே நாய்தான். சிலையைச் செய்தது பீட்டர்ஸ்பர்க்கின் ஃபபெர்ஜே நிறுவனம்.

ஒன்று பல்லவர் பணி. ஏழாம் நூற்றாண்டின் மாமல்லன் காலத்தது என்பது பெருவழக்கு. அங்குள்ளவை எல்லாம் ராஜசிம்மன் காலத்தவை என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி 1962இல் வாதிட்டதை ஏற்றால் எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது. மற்றது இருபதாம் நூற்றாண்டு நகைநிறுவனத்தின் பணி. ஒன்று கடற்காற்றிலும் வெயிலிலும் நிற்கிறது. மற்றது கண்ணாடிப் பேழைக்குள். ஒன்றின் யானை உண்மை யானையின் அளவு. மற்றதன் யானையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். இவற்றை அருகருகே வைப்பதே வீண் வேலை என்று தோன்றலாம். ஆயினும் கல்லை அணுகிய விதத்தில், பல்லவச் சிற்பிக்கு இன்றைய கோயில் ஸ்தபதியைவிட மணிக்கல் செதுக்குபவரே நெருங்கிய உறவு என்பது என் எண்ணம். அந்த உறவு எங்கே தொடங்கி எங்கே முறிகிறது என்று பார்க்கலாம்.

முதலில் கல். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் பல்லாவரம், திரிசூலம் பக்கம் ஜன்னலோரம் அமர்ந்த எவரும் பார்த்திருக்கக்கூடிய குன்றுகளின் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் 1693இல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தப் பகுதியிலிருந்து போன கல். புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தப் பலகையை முன்னிட்டு இந்தப் பாறைவகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். இன்று அன்டார்க்டிகாவில் அதே வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு அந்தப் பெயர்தான். பெயர் கல்லறையில் கிடந்தவருக்குப் போயிற்று; கல்லைக் கொடுத்த ஊருக்கு ஜல்லிதான் மிஞ்சியது. சென்னையின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் நொறுக்கிக் கொடுத்தபின் விடப்பட்ட குவாரிக் குட்டைகள் புறநகர் முழுக்கக் கிடக்கின்றன.

அந்த ஜல்லியில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பெரும்பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கூடவே கருமையும் வெண்கலச் சாயலும் தரும் ஹைப்பர்ஸ்தீன். மாமல்லையின் பாறையும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் குடும்பத்தைச் சேர்ந்த கருங்கல்தான். இனி ஃபபெர்ஜேயின் விலங்குகள் பிறந்த கற்களைப் பாருங்கள். சால்சிடனியும் அகேட்டும் குவார்ட்ஸ். பளிங்குபோல் தெளிந்த படிகம் குவார்ட்ஸ். பன்றிகள் செய்ய உதவிய அவெஞ்சுரின் குவார்ட்ஸ். நீலம் மின்னும் லாப்ரடொரைட் ஃபெல்ட்ஸ்பார். நம் காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லும் ஃபெல்ட்ஸ்பார். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ராசிக்கல் விற்கும் கடைக்கும் திரிசூலத்து ஜல்லிக் குவியலுக்கும் இடையே உள்ள தூரம், வேதியியல் கணக்கில் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கடினமும் ஏறக்குறைய சமம். வைரத்தைப் பத்து என்று வைக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் ஏழு, ஃபெல்ட்ஸ்பார் ஆறு, அகேட் ஆறரையிலிருந்து ஏழு, ஜேட் எனப்படும் நெஃப்ரைட் ஆறு அல்லது ஆறரை. சாதாரண எஃகுக் கத்தியால் இவற்றுள் எதையும் கீற முடியாது.

அப்படியென்றால் வேறுபாடு எதில்? மணியில், அதாவது கல்லின் உள்ளே உள்ள துகளின் பருமனில். கருங்கல்லின் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு பருத்தவை. உளி பட்டால் துகளோடு துகள் பெயர்ந்து வரும். எனவே மெல்லிய காது, தனியே நீட்டிய விரல், காற்றில் நிற்கும் வால் ஆகியவற்றைக் கருங்கல் தாங்காது. அகேட்டின் துகள்களை நுண்ணோக்கியில்தான் காண முடியும்; நெஃப்ரைட்டின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அதனால் அது எளிதில் உடையாது. எனவே மணிக்கல் செதுக்குபவர் தவளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட முடிகிறது. பல்லவச் சிற்பி யானையின் காதை உடலோடு ஒட்டிவைத்துத் தோலின் தொங்கலிலும் நடையின் எடையிலும் உயிரைக் காட்டுகிறார். உயிர்ப்பு ஒன்றே, அது எங்கே குடியேறும் என்பதைத் துகள்தான் முடிவுசெய்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு: மணிக்கல் வேலையில் தமிழகத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, அதுவும் பழமையானது. நொய்யல் கரையில் கொடுமணலில் படிகம், பச்சைக்கல், நீலம், சூதுபவளம் ஆகியவற்றை மணியாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. அங்கேயே கல் பதித்த புலி உருவம் ஒன்றும் கிடைத்தது, ஆனால் அதன் உடல் உலோகம். கீழடியில் காட்டுப்பன்றி பொறித்த சூதுபவளம் கிடைத்தது, ஆனால் அது கல்லின் முகத்தில் குழித்த உருவம். விலங்குருவை மணிக்கல்லில் உருட்டி எடுக்கும் கலை இந்தியாவில் உச்சம் தொட்டது முகலாயர் அவையில். ஷாஜகானின் 1657ஆம் ஆண்டு வெண்ஜேட் கிண்ணம் ஒரு காட்டாட்டின் தலையில் முடிகிறது; நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள குத்துவாளின் கைப்பிடி ஒரு நீல்காய் மானின் தலை. மூக்குத் துளை விரிந்து, காது பின்னோக்கி மடிந்து நிற்கும் அந்த நீல்காயைப் பார்த்தால் அதைச் செய்தவர் உயிருள்ள விலங்கை நெடுநேரம் பார்த்திருக்கிறார் என்பதில் ஐயம் வராது. இன்று ஜெய்ப்பூரும் காம்பேயும் அந்த வழியின் மீதியைக் கட்டிக்காக்கின்றன. மாமல்லபுரக் கடைகளில் அடுக்கியிருக்கும், வயிற்றுச் சல்லடைக்குள் குட்டியானை தெரியும் சிறு யானைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவை மாவுக்கல். நகத்தால் கீறத்தக்க கல்லில் காட்டும் நுணுக்கம் வேறொரு கலை, அதற்கு வேறு நியாயம்.

கருவிக்கு வருவோம். கருங்கல்லில் உளி வெட்டுவதில்லை, நொறுக்குகிறது. மாமல்லையின் முற்றுப்பெறாத குடைவரைகளில் வேலை நடந்த முறையே தெரிகிறது: பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவே மிஞ்சும் மேட்டைத் தட்டிப் பெயர்த்து, மீண்டும் காடி. உளியின் முனை விரைவில் மழுங்கும். உலைக்குப் போய்த் திரும்பும். ஆகவே சிற்பி இருக்கும் இடத்தில் கொல்லரும் இருந்தாக வேண்டும். மணிக்கல்லும் வெட்டுப்படுவதில்லை, தேய்கிறது. எண்ணெயில் குழைத்த வைரப்பொடி பூசிய சிறு சக்கரம் சுழலும். அதில் கல்லை ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். இதில் ஒரு தலைகீழ்ப் பொருத்தம் உண்டு. மாமல்லையில் கல் அசையாது, கருவி அசையும். மணிக்கல் பட்டறையில் கருவி ஒரே இடத்தில் சுழலும், கல்தான் கைவிரல்களுக்கிடையே நகர்ந்துகொண்டிருக்கும். முன்னவர் விலங்கைச் சுற்றி நடக்கிறார்; பின்னவர் விலங்கைத் தம் முன்னே திருப்புகிறார். இருவருக்கும் பொதுவான கட்டுப்பாடு ஒன்றுதான்: எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்தக் கட்டுப்பாடுதான் குறைபாட்டை நோக்கி இருவரையும் இழுக்கிறது. ஒப்பீட்டின் சுவையான பகுதியும் இதுவே.

கோயிலுக்குச் சிலை செய்யும் ஸ்தபதி கல்லைத் தேர்ந்தெடுக்கிறார். தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலித்தால் ஆண் கல், தாழ்ந்து ஒலித்தால் பெண் கல், ஒலியே இல்லையென்றால் உருவத்துக்கு ஆகாது என்று பிரிப்பது மரபு. கீறல், கோடு, புள்ளி, நிறம் மாறிய திட்டு எல்லாம் விலக்கத்தக்கவை. அவற்றுள்ளும் ஒன்று தனித்துச் சொல்லத்தக்கது. கல்லின் மீது வண்ண வட்டம் தெரிந்தால் உள்ளே ‘கர்ப்பம்’ இருக்கிறது, தவளையோ பல்லியோ வேறு உயிரோ அடைபட்டிருக்கிறது என்று சிற்ப நூல்கள் கணிக்கும். எந்த நிறத்துக்கு எந்த உயிர் என்று பட்டியலும் தரும். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான் என்று நாம் வழக்கில் சொல்வதும் இந்த நம்பிக்கையோடு உறவுடையதே. பக்திக்கு அந்தத் தேரை எடுத்துக்காட்டு; சிற்பிக்கு அது குற்றம்.

ஜெர்மனியில் நாஹே ஆற்றங்கரையில் உள்ள இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக்குப் போனால் கணக்குத் தலைகீழாகிறது. பல நூற்றாண்டுகளாக அகேட் அரைப்பதே தொழிலாக உள்ள ஊர் அது. உள்ளூர்க் கல் தீர்ந்துவந்த வேளையில், 1830களிலிருந்து, பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுலிலிருந்து கப்பலில் வந்த அகேட் அதைக் காப்பாற்றியது. இங்கே தலைமுறைகளாக விலங்கு செதுக்கும் டிரேயர் குடும்பத்தின் கெர்ட் டிரேயர், அவர் மகன் பாட்ரிக் ஆகியோரின் பெயர் மணிக்கல் விரும்பிகள் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு வண்ணத் திட்டுதான் செல்வம். ஒரே கல்லில் பழுப்பு முடிந்து வெண்மை தொடங்கும் இடம் விலங்கின் முதுகு முடிந்து வயிறு தொடங்கும் இடமாக வேண்டும். கரும்புள்ளி கண்ணருகே வர வேண்டும். திட்டு தோலின் மருவாக வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து அவர்கள் கல்லிலிருந்து வெளிக்கொண்டுவரும் உயிர்களில் பெயர்பெற்றது எது தெரியுமா? தேரை. நம் நூல்கள் எந்தக் கல்லை ‘உள்ளே தேரை உண்டு’ என்று ஒதுக்கச் சொல்கின்றனவோ, அத்தகைய கல்லை அவர்கள் தேடி வாங்கி, தேரையை உண்மையிலேயே வெளியே எடுத்துவிடுகிறார்கள். இரு மரபுகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது. கல்லின் நிறத்திட்டைக் கண்டதும் இரண்டுக்கும் ஒரே பிராணி நினைவுக்கு வந்திருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

சரி, பல்லவச் சிற்பி எந்தப் பக்கம்? அவர் கல்லைத் தேர்ந்தெடுத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. பாறை இருந்த இடத்தில் இருந்தது, அவர்தான் அதனிடம் போனார். பெரும்பாறைச் சிற்பத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. ஸ்தபதியின் கணக்கில் அது தள்ளத்தக்க கல்; சிலைக்கு அந்த அளவு பிளவு எமனுக்குச் சமம். பல்லவச் சிற்பியோ பிளவையே ஆறாக்கினார். அதில் நாகர்களை நீந்தவிட்டார். இருபுறமும் உள்ள உயிர்கள் அனைத்தையும் அதை நோக்கித் திருப்பினார். தவசியைப் போல் கைதூக்கி நிற்கும் பூனை, அதன் காலடியில் ஏமாந்த எலிகள், கரையோர மான்கள், அருகில் ஆமை எல்லாம் அந்தப் பிளவு இருப்பதால் அங்கே இருக்கின்றன. ஐந்து ரதங்கள் உள்ள இடத்திலும் இதே போக்கு. ஒரே பாறைத்தொடர் எங்கே உயர்கிறதோ அங்கே பெரிய ரதம், எங்கே தாழ்கிறதோ அங்கே சிறிய ரதம், எங்கே உபரியாகத் துருத்தியதோ அங்கே யானை, காளை, சிங்கம். யானை நிற்பதோ, யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடமான சகாதேவ ரதத்தின் பக்கத்தில். கட்டடமும் விலங்கும் முதுகைக் காட்டிப் போட்டியிடுகின்றன. கல் தந்ததை ஏற்று அதற்கு விலங்கு தேடுவது என்ற அளவில், ஆற்றைக் கண்ட மாமல்லைச் சிற்பியும் தேரையைக் கண்ட இடார் கலைஞரும் ஒரே பள்ளி.

ஒரு மாற்றுக் குரலுக்கும் இடம் கொடுப்பதே முறை. மணிக்கல்லில் கல்லின் நிறமே விலங்கின் நிறம். மாமல்லையில் சில இடங்களில் சுண்ணப் பூச்சின் தடயங்களும் வண்ணத்தின் தடயங்களும் உள்ளன; அன்றைக்கு மான் வண்ணம் பூசிய மானாக இருந்திருக்கக் கூடும். கல்லை அப்படியே காட்டுவது நம் கால ரசனை, பல்லவருடையதாக இருக்க வேண்டியதில்லை. அப்படியானால் உறவு வடிவத்தோடு நிற்கிறது, நிறம் வரை வரவில்லை.

உயிர்ப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டோம். எல்லா விலங்கும் ஒரே அளவு உயிர்ப்போடு இல்லை. மாமல்லையின் யானைகளைப் பாருங்கள். பெரிய களிற்றின் கால்களுக்கிடையே குட்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு கன்றை நக்குகிறது. தனிப் பாறையில் செதுக்கிய குரங்குக் குடும்பத்தில் குட்டி பால் குடிக்க, ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. கடற்கரைக் கோயிலில் 1990இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட வராகம், அவதாரமே ஆனாலும், காட்டுப்பன்றியின் தோள்திரளோடு நிற்கிறது. ஆனால் சிங்கங்கள்? சுருள்முடியும் விழித்த கண்ணுமாய் அரச முத்திரையிலிருந்து இறங்கிவந்தவை. தமிழ்நாட்டுக் காட்டில் இல்லாத விலங்கை ஏட்டிலும் கொடியிலும் பார்த்தவர்கள் செதுக்கியிருக்கிறார்கள். மற்றவை எல்லாம் வேலியோரத்திலும் குளக்கரையிலும் பார்த்தவை. மூக்குச் சொறியும் மானின் உண்மையை இன்றும் சோதித்துப் பார்க்கலாம். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மான்கள் உள்ள வேலியருகே பொறுமையாக நின்றால் அதே வளைவு, அதே தூக்கிய குளம்பு.

ஃபபெர்ஜேயிடமும் இதே பிளவு உண்டு, ஆனால் விலங்குகள் இடம் மாறியிருக்கின்றன. சீசரும் அதன் கூட்டாளிகளும் நேரில் பார்த்துச் செய்யப்பட்டவை. 1907இல் எட்வர்ட் மன்னர் தம் சாண்ட்ரிங்காம் பண்ணையின் விலங்குகளை உருவாக்கப் பணித்தார். ஃபபெர்ஜே அனுப்பிய உருவமைப்பாளர்கள் பண்ணைக்கே போய் நாய், குதிரை, பன்றி, கோழி எல்லாவற்றையும் மெழுகில் வடித்தார்கள். மன்னர் பார்த்து ஒப்பிய பிறகு மெழுகு பீட்டர்ஸ்பர்க்கில் கல்லாயிற்று. ஜப்பானிய நெட்சுகே பொம்மைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த ஃபபெர்ஜேக்கு, உள்ளங்கைக்குள் ஒரு விலங்கின் சோம்பலைக் காட்டுவது எப்படி என்று தெரியும். ஆனால் அவருடைய யானைகள்? பெரும்பாலும் உருண்டையான, பொம்மைத்தன்மையுள்ள யானைகள். காரணம் அரச மரபு. டென்மார்க்கின் உயரிய விருது யானைச் சின்னம் தாங்கியது; எட்வர்டின் மனைவி அலெக்ஸாண்ட்ராவும் ரஷ்யப் பேரரசி மரியா ஃபியோதரோவ்னாவும் டென்மார்க்கில் பிறந்த சகோதரிகள். அவர்களுக்கு யானை தாய்வீட்டின் முத்திரை. மாமல்லையில் யானை விலங்கு, சிங்கம் சின்னம். பீட்டர்ஸ்பர்க்கில் நாய் விலங்கு, யானை சின்னம். எது தினமும் கண்ணில் படுகிறதோ அது உயிர் பெறுகிறது. எது கொடியில் ஏறுகிறதோ அது விறைத்துப்போகிறது. இந்த ஒரு விதி இரு இடத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துமென்று ஒப்பீட்டைத் தொடங்கும்போது நான் எதிர்பார்க்கவில்லை.

பார்வையாளர் நிற்கும் இடம் வேறு. பாறைச் சிற்பத்தின் விலங்குகளுக்குப் பெரும்பாலும் முதுகே இல்லை, பாறைக்குள் போய்விட்டது. சாலையோரம் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காகச் செய்தவை. மணிக்கல் விலங்கைத் திருப்பிப் பார்ப்பார்கள் என்பதால் அதற்கு அடிவயிறும் பாதமும்கூட முழுமையாக வேண்டும். தேரையின் அடிப்பக்கத்தை முடிக்காமல் விட்டால் மணிக்கல் விரும்பிகளிடம் மதிப்பில்லை. இந்த வகையில் குரங்குக் குடும்பமும் ரதத்தருகே நிற்கும் யானையும் விதிவிலக்கு. அவற்றைச் சுற்றி நடக்கலாம், சுற்றி வந்தால் முதுகிலும் வேலை தெரியும்.

பெயர்கள் விஷயத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. ஃபபெர்ஜேயின் புகழ்பெற்ற நகைமுட்டைகளில் முத்திரை இருக்கும். தூய கல் விலங்குகளில் உலோகம் இல்லையென்றால் முத்திரை குத்த இடமில்லை. போலிகள் பெருகியதற்கு அது ஒரு காரணம். நிறுவனத்தின் முதன்மைக் கலைஞர் ஃபிரான்ஸ் பிர்பாம் 1919இல் எழுதிய நினைவுக்குறிப்புகளில் கிரெம்லெவ், டெர்பிஷெவ் என்ற கல்வேலைக் கலைஞர்களின் பெயர்கள் வருகின்றன. ஓபர்ஸ்டைனிலிருந்தும் வேலை வாங்கியதாகத் தெரிகிறது. ஆனால் எந்தத் தவளை யார் கைத்தவளை என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. மாமல்லைக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலான பெயர்கள் பொறித்திருக்கின்றன. சிற்பிகளின் பெயர்கள் என்றே கருதப்படுகின்றன. எந்த யானை யாருடையது என்பதற்கு அங்கேயும் விடையில்லை. பெயர்கள் ஓரிடம், வேலைகள் வேறிடம். சேமகனின் பெயரோடு ஒட்டியுள்ள ‘கொல்லன்’ என்ற சொல்லைப் பார்க்கும்போது, மழுங்கிய உளிகள் வரிசையாகக் காத்திருந்த உலைக்களம் ஒன்று மனத்தில் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

இன்று கருவிகளும் நெருங்கிவிட்டன. மாமல்லபுரம் பட்டறைகளில் கார்பைடு முனை உளியும் வைரத்துகள் பதித்த சக்கரத்தோடு கிரைண்டரும் வந்து நாளாயிற்று. அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957இல் தொடங்கியபோது கையுளியே ராஜா. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தினால் முதலில் காதில் விழுவது சக்கரத்தின் கீச்சு. அதாவது மணிக்கல் பட்டறையின் தேய்க்கும் முறை கருங்கல் பட்டறைக்குள் நுழைந்துவிட்டது. கூடவே தூசியும். கல் தூசியிலுள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோய் இரு தொழிலுக்கும் பொது. இடாரில் நீர்ச்சக்கரத்தின் வேகத்தில் சுழன்ற பெரிய மணற்கல் உருளைகளின் முன்னே, சாய்ந்த பலகையில் குப்புறப் படுத்து, அகேட்டை அழுத்திப் பிடித்தே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அந்த நோய் வந்தது. நீரும் உறிஞ்சு குழாயும் இல்லாமல் உலர்வாகக் கிரைண்டர் பிடிப்பவர்களுக்கு இங்கே வருகிறது. கையுளி காலத்தில் துகள் பெரிதாகத் தெறித்து விழுந்தது. சக்கரம் அதைப் பொடியாக்கி மூச்சோடு அனுப்புகிறது. வேகத்தைப் பாராட்டும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, நீர் சொட்டும் சக்கரத்தில் வேலை செய்வது மணிக்கல் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. நம் பட்டறைகளில் இன்னும் ஆகவில்லை.

தவறிப்போனால் என்ன ஆகிறது என்பதில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. மாமல்லையில் பெரும்பாறைச் சிற்பத்துக்குச் சற்றுத் தெற்கே அதே காட்சியை மற்றொரு பாறையில் செதுக்கத் தொடங்கி, பாதியில் விட்டிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதுவானாலும் அந்த அரைகுறை யானைகள் பதின்மூன்று நூற்றாண்டுகளாக எல்லார் கண்ணிலும் படும்படி அங்கேயே நிற்கின்றன; பாறையைத் தூக்கி மறைக்க முடியாது. மணிக்கல் பட்டறையில் அரைகுறையைக் காண்பது அரிது. நிறத்திட்டு எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே முடிந்தாலோ, உள்ளே மறைந்திருந்த கீறல் காலருகே திறந்துகொண்டாலோ, கலைஞர் கல்லைத் திருப்பிப் பார்க்கிறார், கணக்கை மாற்றுகிறார், சிறியதொரு விலங்காகக் குறைத்துக்கொள்கிறார். கரடியாகத் தொடங்கியது எலியாக விற்பனைக்கு வந்தால், வாங்குபவருக்கு அது தெரியவே போவதில்லை.